சுடுதண்ணீருக்கு கேஸா, கரண்டா?



சென்ற இதழில் சிறுகுழுச் சேமிப்புப் புத்தகத்தை ஒழுங்காக எழுதி வைப்பது பற்றிப் பார்த்தோம். இம்முறை குசினிக்குள் போவோம்.

கடந்த சில மாதங்களாக நான் போகும் கிராமங்களில், மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் கட்டாயம் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்: "மிஸ், தண்ணி சுடவைக்கிறதை கேஸிலை இருந்து கரண்டுக்கு மாத்தினால் லாபமோ?" ஒருவர் கேட்டால் போதும், மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஒருவர் கேத்தல் வாங்கி மின்பட்டியல் கூடிய கதை சொல்வார். இன்னொருவர் ஹீற்றர் கம்பியில் கை உதறிய கதை சொல்வார். கேஸ் சிலிண்டரை இன்னும் பயத்தோடுதான் திறக்கிறேன் என்பார் மூன்றாமவர். ஒவ்வொரு கூட்டத்திலும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

யாருக்குச் சுடுதண்ணீர் வேண்டும்?

"எங்கடை வெயிலுக்குச் சுடுதண்ணி ஏன்?" என்று வெளியிலிருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. எங்கள் வீடுகளின் நிலைமை தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

பிள்ளை பெற்ற தாய்க்கு நொச்சியிலை போட்டு அவித்த தண்ணீர் வேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்ட இளஞ்சூட்டுத் தண்ணீர் வேண்டும். உடம்பில் இன்னும் செல் துண்டோடு வாழ்பவர்களுக்கு மார்கழிக் குளிரில் அந்த இடம் குத்தும். சூட்டுத் தண்ணீர் பட்டால்தான் சற்று ஆறும். கால் இழந்தவர்கள் பொய்க்காலைக் கழற்றியபின் மிஞ்சிய காலை இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்பவர்களை நாள்தோறும் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும். இவையெல்லாம் சொகுசு இல்லை. பராமரிப்பு.

இந்தப் பராமரிப்புத் தண்ணீரைச் சுடவைப்பவர் யார்? நீங்கள்தான். சமூகவியல் படித்த காலத்தில் "கணக்கில் வராத வீட்டு வேலை" பற்றிப் பாடம் படித்தோம். விறகு பொறுக்குவது, அடுப்பை ஊதுவது, கொதிக்கும் பானையை இறக்குவது, வாளியில் கலந்து கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அந்தப் பாடத்துக்குள் வரும். ஆனபடியால் எதில் தண்ணீர் சுடவைப்பது என்பது காசுக் கணக்கு மட்டும் அல்ல. உங்கள் நேரம், உங்கள் முதுகு, உங்கள் கண் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

கேஸ் வந்ததும் வராமல் போனதும்

1990க்குப் பின்னர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். அப்போது கங்குமட்டை, பொச்சு, சிரட்டை, பாளை எது கிடைத்ததோ அதுதான் எரிபொருள். 2009க்குப் பிறகு மீளக்குடியேறி, வீட்டுத்திட்டங்கள் வந்து, மின்கம்பமும் வந்தபின்னர்தான் பல வீடுகளில் கேஸ் அடுப்பு புகுந்தது. புகையில்லாமல், குனியாமல், பத்து நிமிடத்தில் தேநீர் வைக்கலாம் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் 2021 இறுதியில் குலைந்தது. அவ்வருடம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களில் கேஸ் அடுப்புகள் வெடித்தன. சிலிண்டரில் அடைக்கும் வாயுக்களின் கலவை விகிதம் மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்று விசாரணைக் குழு கூறியது. அதைத் தொடர்ந்து தட்டுப்பாடு. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் வெறும் சிலிண்டரோடு நின்றோம்.

மின்சாரம் மட்டும் ஒழுங்காக இருந்ததா? 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பின்னர் மின்சாரம் வந்தது, கட்டணமும் ஏறியது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூட்டினார்கள். 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்து, ஜூனில் மறுபடி 15 சதவீதம் கூட்டினார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். கேஸ் விலையும் மாறும், மின்கட்டணமும் மாறும். ஒருவர் "கரண்ட்தான் மலிவு" என்று சொன்னால், அது அவர் சொன்ன மாதத்துக்கு உண்மையாக இருக்கலாம். அடுத்த மாதம் அப்படி இருக்க வேண்டும் என்றில்லை. எனவே நீங்களே கணக்குப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நூறால் வகுக்கும் கணக்கு

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது மிகச் சுலபம்.

கேஸ் அடுப்பில் எரியும் சூட்டில் ஏறக்குறைய பாதிதான் பானைக்குப் போகிறது. மிகுதி பானையின் பக்கங்களால் காற்றோடு போய்விடும். மின்கேத்தலில் சூடேறும் பகுதி தண்ணீரோடு ஒட்டியே இருப்பதால் மிகக் குறைவாகவே வீணாகிறது. இரண்டையும் ஒப்பிட்டால், ஒரு கிலோ கேஸ் செய்யும் வேலையை மின்கேத்தல் ஏறக்குறைய 8 அலகு மின்சாரத்தில் செய்துவிடும். அலகு என்பது நாம் யூனிட் என்று சொல்வதுதான்.

பெரிய சிலிண்டரில் இருப்பது 12.5 கிலோ. 12.5 ஐ 8 ஆல் பெருக்கினால் 100. அதாவது ஒரு முழுச் சிலிண்டர் செய்யும் தண்ணீர் சுடவைக்கும் வேலைக்கு ஏறக்குறைய 100 அலகு மின்சாரம் வேண்டும்.

ஆகவே சிலிண்டர் விலையை நூறால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்குச் சிலிண்டர் 4000 ரூபா என்று வைப்போம். நூறால் வகுத்தால் 40. உங்கள் மின்பட்டியலில் மேலதிகமாக எரிக்கும் ஓர் அலகு 40 ரூபாவுக்குக் குறைவாக இருந்தால் தண்ணீர் சுடவைக்க மின்சாரம் மலிவு. கூடுதலாக இருந்தால் கேஸ் மலிவு. கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தால் காசை விட்டுவிட்டு வசதியையும் பாதுகாப்பையும் பாருங்கள்.

எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை அலகு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அலகில் பத்தில் ஒரு பங்கு போதும், அதற்கும் சற்றுக் குறைவாகவே முடியும். ஒருவர் குளிக்க 15 லீற்றர் வாளி ஒன்று வேண்டுமானால் அதில் இரண்டரை லீற்றர் கொதிதண்ணீரும் மிகுதி கிணற்றுத் தண்ணீரும் கலந்தால் இதமான சூடு வந்துவிடும். அதற்குச் செலவு கால் அலகு.

அறுபது என்ற வேலி

இங்கேதான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அறவிடப்படுகிறது. 2022க்குப் பின்னர் தொகைகள் பல தடவை மாறியபோதும் இந்தப் படிமுறை தொடர்ந்தது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை, 60ஐத் தாண்டும் வீட்டுக்கு வேறு அட்டவணை. தாண்டிவிட்டால் கூடுதலாக எரித்த அலகுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, முதல் அலகுகளின் விலையும் மாதாந்த நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும்.

கிளிநொச்சிப் பக்கம் நான் அடிக்கடி போகும் ஒரு வீட்டைச் சொல்கிறேன். அக்காவின் கணவருக்கு 2009 இல் காயம், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டில் மாமியாரும் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். மாதம் 48 அலகுதான் எரிப்பார்கள். கேஸ் விலையைப் பார்த்து ஒரு மின்கேத்தல் வாங்கினார். நாளுக்கு மூன்று தடவை கேத்தலை நிரப்பித் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பார், நாலரை லீற்றர். கணவரைக் குளிப்பாட்ட இரண்டரை லீற்றர். தேநீருக்கு மாதம் பன்னிரண்டரை அலகும் குளிப்புக்கு ஏழரை அலகும், மொத்தம் 20 அலகு கூடியது. 48 போய் 68 ஆகியது. வேலி தாண்டியாயிற்று.

"பிள்ளை, கேத்தலை வித்துப்போட்டு விறகுக்கே போவம்" என்றார் மாமியார். அக்காவுக்கும் அதே எண்ணம்தான். நாங்கள் மூவரும் பழைய மின்பட்டியல்களை நிலத்தில் பரப்பி வைத்துக்கொண்டு இருந்து பார்த்தோம். 20 அலகை 10 ஆகக் குறைக்க முடிந்தால் விறகுக்குப் போகத் தேவையில்லை என்று தெரிந்தது.

இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். முதலாவது, கேத்தலை நிரப்பாமல் தேவையான கோப்பைகளை அளந்து ஊற்றுவது. காலையில் கொதித்ததை சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்தால் பத்து மணித் தேநீருக்கு மறுபடி கேத்தல் போடத் தேவையில்லை. நாலரை லீற்றர் மூன்று லீற்றராகியது. இரண்டாவது, குளிப்பைக் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றியது. கறுத்த வாளியில் தண்ணீர் நிரப்பி, மூடி, முற்றத்து வெயிலில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்தால் தண்ணீரில் இளஞ்சூடு ஏறிவிடும். வன்னி வெயிலுக்குப் பட்டியல் வராது. இப்போது கேத்தலுக்கு மாதம் எட்டு அலகு, மொத்தம் 56. மாரி காலத்தில் வெயில் இல்லை, குளிப்புக்கும் கேத்தல் வேண்டும். அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மின்விசிறி ஓடாதபடியால் அதில் மிச்சமாகும் அலகுகளைத் தண்ணீருக்கு வைத்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே 60ஐத் தாண்டி எரிக்கும் வீடுகளுக்கு இந்த வேலிப் பயம் இல்லை. அவர்கள் நூறால் வகுக்கும் கணக்கை மட்டும் பார்த்தால் போதும்.

எந்தச் சாதனம்?

மின்கேத்தல்: எங்கள் வீடுகளுக்கு மிகப் பொருத்தமானது இதுதான். கொதித்ததும் தானே நிற்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள். மேசையில் வைத்தே வேலை முடியும். ஊன்றுகோலோடு நடக்கும் சகோதரிகளுக்கு இது பெரிய உதவி. நிலத்து அடுப்பிலிருந்து கொதிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு ஊன்றுகோல் பிடிக்க முடியாது. வாளியைக் கேத்தலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் தூக்கும் வேலையும் இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர்த்தன்மையும் சுண்ணாம்பும் கூடியது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் கரண்ட் கூட எடுக்கும். மாதம் ஒருதடவை தேசிக்காய்ப்புளியும் தண்ணீரும் விட்டுக் கொதிக்கவைத்து, ஊறவிட்டுக் கழுவுங்கள்.

ஹீற்றர் கம்பி: வாளிக்குள் போடும் சுருள் கம்பி. விலை குறைவு என்பதால் சந்தையில் வாங்கிவிடுகிறோம். ஆனால் இதுதான் மிக ஆபத்தானது. தண்ணீர் சுட்டுவிட்டதா என்று கையை விட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். கம்பி பழுதாக இருந்தால் அந்தக் கை திரும்பி வராது. தானே நிற்கவும் மாட்டாது. சின்னப் பிள்ளைகளோ மறதியுள்ள முதியவர்களோ இருக்கும் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். இருக்கும் கம்பியைப் பாவித்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஆளியை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிய பின்னரே தண்ணீரில் கை வையுங்கள். இரும்பு வாளியில் போடாதீர்கள்.

குழாயில் பூட்டும் உடனடி ஹீற்றர்: ஷவரோடு வருவது. 3500 வாற்று அளவில் எடுக்கும். நாலு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் ஒரு மாதத்தில் 70 அலகு. கேத்தலும் வாளியுமாக நாலு பேரும் குளித்தால் 30 அலகோடு முடியும். அத்துடன் இதைச் சாதாரண பிளக்கில் பூட்ட முடியாது, தனி வயர் இழுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் ஆசையோடு பூட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பட்டியல் கட்டுவது நீங்கள்.

இண்டக்சன் அடுப்பு: சமையலுக்கும் தண்ணீருக்கும் ஒன்றாக உதவும். ஆனால் அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் இதில் வேலை செய்யாது. உங்கள் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் சரி. புதுப் பாத்திரம் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வயரிங்கை முதலில் பாருங்கள்

சாதனம் வாங்க முன்னர் செய்யவேண்டிய வேலை இது. மீளக்குடியேறிய காலத்தில் அவசரமாக இழுத்த வயர்கள் பல வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கின்றன. இரண்டு பல்பும் ஒரு தொலைபேசி சார்ஜரும் ஓடுவதற்கு அவை போதும். 2000 வாற்று கேத்தல் ஏறக்குறைய 9 அம்பியர் எடுக்கும். 5 அம்பியர் சொக்கற்றில் அதைப் பூட்டினால் சொக்கற் உருகும், வயர் எரியும். பக்கத்து வீட்டிலிருந்து நீள வயர் இழுத்து எடுக்கும் கரண்டில் கேத்தல் போடவே கூடாது.

நான்கு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, கேத்தல் பூட்டும் சொக்கற் 13 அம்பியர் சதுர முனைச் சொக்கற்றா? இரண்டு, எர்த் வயர் உண்மையிலேயே நிலத்துக்குப் போகிறதா? வெளியில் எர்த் கம்பி புதைத்த இடத்தில் வயர் கழன்று கிடப்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். மூன்று, டிரிப் சுவிச் வேலை செய்கிறதா? அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கம்பியால் கட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. நான்கு, ஒரே நீட்டு வயரில் கேத்தல், அயன், சோறு சமைக்கும் குக்கர் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றனவா? ஒன்று முடிந்தபின் மற்றதைப் போடுங்கள்.

ஆண்துணை இல்லாத வீடுகளில் மின்வேலைக்கு ஆள் கூப்பிடுவதே ஒரு பாடு என்பது எனக்குத் தெரியும். யார் வருவார், எவ்வளவு கேட்பார், அயல் என்ன சொல்லும் என்ற யோசனையில் வருடக்கணக்காகத் தள்ளிப்போடுகிறோம். இதைச் சங்கமாகச் செய்யலாம். என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள ஒரு மின்னிணைப்பாளரை ஒரே நாளில் ஒழுங்கைக்குள் இருக்கும் பத்து வீட்டுக்கும் கூப்பிடுங்கள். கூலியும் பேசிக் குறைக்கலாம், இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்தே ஒவ்வொரு வீட்டுக்கும் போகலாம். நான் பணியாற்றும் ஒரு கிராமத்தில் இப்படிச் செய்தபோது பத்தில் நாலு வீட்டில் எர்த் இல்லை என்பது அன்றுதான் தெரிய வந்தது.

சூடு தெரியாத உடம்பு

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களையும் நீரிழிவால் கால் மரத்தவர்களையும் பராமரிக்கும் சகோதரிகள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். உணர்வில்லாத காலில் கொதிதண்ணீர் பட்டாலும் அவருக்குத் தெரியாது. "சூடு காணுமோ?" என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. தோல் உரிந்த பின்னர்தான் நாம் காண்போம். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதற்குப் பின்னர்தான் கொதிதண்ணீர். நன்றாகக் கலக்குங்கள். உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். கை விரல்கள் அடுப்பில் வெந்து பழகியவை, சூட்டைச் சரியாகச் சொல்லமாட்டா. முழங்கை சொல்லும். 60 பாகைச் சூட்டில் சில விநாடிகள் போதும், ஆழமான எரிகாயம் வந்துவிடும். குழந்தையின் தோலுக்கு அதைவிடக் குறைந்த நேரமே போதும். கேத்தல் வயர் மேசை விளிம்பில் தொங்கக்கூடாது, தவழும் பிள்ளை பிடித்து இழுக்கும்.

சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், மஞ்சள், மை எதுவும் பூச வேண்டாம். ஐஸ் கட்டியும் வைக்கவேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தீர்மானம் யாருடையது?

கிழமைக் கட்டுப்பணத்துக்குச் சாமான் கொடுப்பவர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். "இப்ப கையெழுத்து வையுங்கோ, காசு பிறகு" என்பார்கள். கட்டி முடிக்கும்போது அந்தச் சாமானுக்கு எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்று கையெழுத்துக்கு முதல் எழுதித் தரச் சொல்லுங்கள். கடையில் அதே சாமானின் கைக்காசு விலையைக் கேட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுண்கடனில் மாட்டிய சகோதரிகளின் கண்ணீரைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு கேத்தலுக்காகப் புதிய கடன் வேண்டாம். சங்கச் சேமிப்பில் சுழல்முறையாக எடுத்து வாங்கலாம்.

கேஸ் அடுப்பை விற்றுவிடவும் வேண்டாம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஒரு குரங்கு உபமின்நிலையத்தில் பாய்ந்ததாலே நாடு முழுவதும் கரண்ட் நின்றது நினைவிருக்கும். அடுப்புக்கு மூன்று கல் வேண்டும் என்பது எங்கள் ஆச்சிமாருக்குத் தெரியும். கேஸ் கொஞ்சம், கரண்ட் கொஞ்சம், காய்ந்த விறகு கொஞ்சம் என்று வைத்திருக்கும் வீடு எந்தத் தட்டுப்பாட்டிலும் பச்சைத் தண்ணீரோடு நிற்காது. கேஸ் வைத்திருப்பவர்கள் ரெகுலேற்றரை இரவில் மூடுங்கள், குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் குழாயை மாற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுத் தரிசிப்புகளில் நான் வழக்கமாகக் கேட்பது, "இந்த வீட்டிலை ஆர் ஆருக்குச் சுடுதண்ணி?" என்பது. அவருக்கு, மாமிக்கு, பிள்ளைக்கு என்று பெயர்கள் வரும். "உங்களுக்கு?" என்றால் ஒரு சிரிப்புத்தான் பதில். தோள்மூட்டில் செல் துண்டு கிடக்கும் ஒரு அம்மா, "எனக்கென்ன பிள்ளை, நான் கிணத்தடியிலை ரெண்டு வாளி வாத்துக்கொண்டு வந்திடுவன்" என்றார். அவர் இரவில் வலியால் நித்திரை கொள்வதில்லை என்பதை மகள் சொல்லித்தான் அறிந்தேன். கால் அலகு மின்சாரம் ஒருவரின் குளிப்புக்குப் போதும் என்று மேலே கணக்குப் பார்த்தோம். அந்தக் கால் அலகைத் தனக்கென்று எடுக்க எங்கள் பெண்களுக்கு மனம் வருவதில்லை. வலியுள்ள உடம்புக்கு, மாதவிடாய் வலிக்கும் நாளுக்கு, காய்ச்சல் விட்ட மறுநாளுக்கு உங்களுக்கும் ஒரு வாளி வையுங்கள். வீட்டுக் கணக்கில் உங்கள் பெயரையும் எழுதுங்கள்.

இம்மாதம் செய்து பார்க்க

1. கடைசி மூன்று மின்பட்டியல்களைத் தேடி எடுத்து ஒவ்வொரு மாதமும் எத்தனை அலகு என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். 60க்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள்.

2. இன்றைய சிலிண்டர் விலையை நூறால் வகுத்து, பட்டியலில் உள்ள அலகு விலையோடு ஒப்பிடுங்கள்.

3. டிரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். எர்த் கம்பியைப் போய்ப் பாருங்கள்.

4. ஒரு கறுத்த வாளியை ஒரு நாள் வெயிலில் வைத்துப் பாருங்கள்.

5. அடுத்த சங்கக் கூட்டத்தில் எத்தனை வீட்டுக்கு மின்னிணைப்பாளர் தேவை என்று எண்ணுங்கள்.

மின்பட்டியலை வாசிக்கக் கடினமாக இருந்தால் பாடசாலை போகும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அது ஒரு கணக்குப் பாடம்தான். நீங்கள் கண்டதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த இதழில், மாரி தொடங்க முன்னர் கூரையையும் கிணற்றையும் எப்படித் தயார் செய்வது என்பது பற்றிப் பேசுவோம். அதுவரை வணக்கம்.